நாய்க்கு நகம் வெட்டும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ரத்தம் வந்துகொண்டிருக்கும்போதே இதைத் திறந்தவர்கள் முதல் பகுதியை மட்டும் படித்தால் போதும். மற்றதை நாய் அசந்து படுத்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தம் வருகிறது

முதல் வேலை, நாயை நடக்க விடாமல் இருப்பது. நடந்தால் ஒவ்வொரு அடியிலும் நகநுனி தரையில் இடித்து, உறையத் தொடங்கிய ரத்தம் திரும்ப உடையும். தரையெல்லாம் சிவப்புத் தடம் விழுந்ததும் வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்கள். அந்தப் பதற்றம் நாய்க்கும் தொற்றிக்கொள்ளும். பார்க்க நிறைய ரத்தம் போனதுபோல் இருந்தாலும், நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்கு ஒரு நகநுனியிலிருந்து போகும் ரத்தம் ஆபத்தான அளவு அல்ல.

1. நாயை மடியிலோ பாயிலோ படுக்கவைத்து, மடித்த சுத்தமான துணியால் நகநுனியை அழுத்திப் பிடியுங்கள். முழுதாக 2 நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.
2. ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர் இருந்தால் ஒரு சிட்டிகையை மூடியில் கொட்டி, நகநுனியை அதற்குள் அமுக்கி அரை நிமிடம் வைத்திருங்கள். சுரீரென்று எரியும், நாய் காலை இழுக்கும், விட்டுவிடாதீர்கள். இது நகநுனிக்கு மட்டுமான மருந்து. தோலில் வெட்டுக்காயம் இருந்தால் அங்கே போடக் கூடாது.
3. பவுடர் இல்லையென்றால் படிகாரத்தைப் பொடித்து அதே மாதிரி வைக்கலாம். முடிதிருத்தும் கடைக்காரர்கள் சவரக் கீறலுக்குத் தேய்க்கும் அதே படிகாரம்தான். அதுவும் இல்லையென்றால் சோள மாவு, மைதா.
4. ரத்தம் நின்றபின் அரைமணி நேரம் ஓடவோ மாடிப்படி ஏறவோ விடாதீர்கள். அன்று முழுக்க மண்ணிலும் சேற்றிலும் இறக்காமல் இருப்பது நல்லது.

நம் வீடுகளில் கை முதலில் போவது காபித்தூள் டப்பாவுக்குத்தான். நாய்க்கு அது கூடாது. நாய் காலை நக்கும். கஃபீன் நாய்க்கு நஞ்சு. டெட்டாலும் வேண்டாம். நக்கினால் வாயும் உணவுக்குழாயும் புண்ணாகும். ரப்பர் பேண்டை விரலில் இறுக்கிக் கட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். முடிக்குள் மறைந்து போய் மறந்துவிட்டால் அந்த விரலே அழுகிவிடும். வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ புரூஃபெனையோ கொடுக்காதீர்கள். மனிதருக்கு எழுதிய வலி மாத்திரைகளில் பல நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் பாதிப்பவை.

சாதாரணமாக 5 முதல் 10 நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். சரியாக அழுத்தியும் 20 நிமிடம் தாண்டி ரத்தம் வந்துகொண்டே இருந்தால், அல்லது நின்று மறுபடி மறுபடி வந்தால், கோளாறு நகத்தில் இல்லை, ரத்தத்தில் இருக்கலாம். நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாய் சில நாளாகச் சோர்ந்திருந்ததா, சாப்பாடு குறைந்ததா, ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது சந்தேகம் எலி மருந்து. புரோமாடியோலோன் வகைக் கேக்கைத் தின்ற நாய்க்கு ரத்தம் உறையாமல் போவது சில நாள் கழித்துத்தான் தெரியவரும். டாபர்மேனில் பிறவியிலேயே ரத்தம் உறைதல் குறைவாக இருப்பது அதிகம். இந்த மூன்றில் எதுவானாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நகத்தை வெட்டியதால் வந்த வினை என்று நினைத்து மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்; நகம் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கறுப்பு நகம், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை

நாயின் நகம் வெறும் ஓடு அல்ல. உள்ளே விரல் எலும்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த உள்சதை, நுனியை நோக்கி ஓடுகிறது. நாய்க்கு முடியும் நகமும் வெட்டிவிடும் குரூமர்கள் அதை குயிக் என்பார்கள். வெளிர் நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். பக்கவாட்டில் மொபைல் டார்ச்சை அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சிவப்பு முடியும் இடத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளை ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பகுதியே தேவைப்படாது.

கறுப்பு நகத்தில் டார்ச் உதவாது. அங்கே மூன்று அடையாளங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நகத்தின் அடிப்பக்கம். காலைப் பின்னோக்கி மடக்கி, நகத்தைக் கீழிருந்து பாருங்கள். விரலை ஒட்டிய பகுதி உருண்டு கெட்டியாக இருக்கும். நுனிப் பகுதி அடியில் குழிந்து, இரண்டு பக்கச் சுவர் மட்டும் இருக்கும். அந்தக் குழிந்த கொக்கியில் உள்சதை கிடையாது. வளர்ந்துபோன நகத்தில் இந்தக் கொக்கியை மட்டும் எடுத்தாலே பாதி வேலை ஆகிவிடும்.

இரண்டு, வெட்டிய முகம். ஒரு முறைக்கு 1 மில்லிமீட்டர், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு நகத்தின் முகத்தை நேராகப் பாருங்கள். தொடக்கத்தில் உலர்ந்து, வெளிறி, பொடிப்பொடியாக இருக்கும். அடுத்தடுத்த சீவலில் நடுவே சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ ஒரு வட்டம் தோன்றும். அதோடு நிறுத்த வேண்டும். அதற்கும் மேலே போனால் அந்த வட்டம் ஈரமாகப் பளபளக்கும், அடுத்தது ரத்தம். வட்டத்தின் நிறம் நாய்க்கு நாய் மாறும், நிறத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பொடிப்பொடியாக இருந்த முகம் வழவழப்பாக மாறுவதுதான் நம்பகமான அடையாளம்.

மூன்று, நாய். உள்சதையை நெருங்கும்போது நகவெட்டியின் அழுத்தமே வலிக்கத் தொடங்கும். அதுவரை சும்மா இருந்த நாய் ஒரு குறிப்பிட்ட நகத்தில் மட்டும் காலைச் சுண்டினால், இன்னும் ஒரு சீவல் போகலாமா என்று யோசிக்க வேண்டாம்.

பல நாய்களுக்குக் கறுப்பு நகங்களுக்கு நடுவே ஒரே ஒரு வெளிர் நகம் இருக்கும். முதலில் அதை வெட்டினால் உள்சதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது உத்தேசமாகப் பிடிபடும். அதையே அப்படியே எல்லா நகத்துக்கும் அளவாக வைத்துவிடக் கூடாது. பின்னங்கால் நகங்கள் நடையிலேயே தேய்ந்து குட்டையாக இருப்பவை. முன்னங்காலில் 3 சீவல் எடுத்த கை அதே வேகத்தில் பின்னங்காலிலும் 3 எடுக்கும். ரத்தம் பார்ப்பவர்களில் பலர் பின்னங்காலில்தான் பார்க்கிறார்கள்.

வெட்டும் கோணம்: நகம் வளைந்து இறங்கும் போக்குக்குக் குறுக்கே, அடிப்பக்கம் சாய்வாக 45 பாகை. செங்குத்தாக வெட்டினால் மேற்புறம் சரியாகவும் அடிப்புறம் நீளமாகவும் நிற்கும். அந்த அடி விளிம்புதான் தரையில் இடிக்கும்.

நகம் நீளம், ஆனால் துளி வெட்டினாலும் ரத்தம் வருகிறது

பல மாதம் வெட்டாமல் விட்ட நகத்தில் உள்சதையும் கூடவே நீண்டுவிடும். ஒரே நாளில் குட்டையாக்க வழியில்லை. மயக்கம் கொடுத்து ஒட்ட வெட்டச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. வேறு சிகிச்சைக்காக எப்படியும் மயக்கம் கொடுக்கும்போது மருத்துவரே முடிவெடுத்தால் சரி, இதற்கென்று மட்டும் கேட்பது தேவையற்றது.

உள்சதை பின்வாங்கும். நகநுனி உள்சதைக்கு அருகிலேயே தொடர்ந்து இருந்தால் அது மெல்லச் சுருங்கி உள்ளே போகும். ஆகவே 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை, 1 மில்லிமீட்டர். 6 முதல் 8 வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மோசமான நகத்துக்கு இன்னும் சில மாதம் பிடிக்கும். நுனியை எடுத்தபின் அரத்தால் மேல் விளிம்பையும் பக்க விளிம்புகளையும் லேசாக வழித்துவிட்டால், உள்சதையைச் சுற்றியுள்ள ஓடு மெலிந்து சுருக்கம் வேகமாகும். மாதம் ஒரு முறை நிறைய வெட்டுவது இந்த விஷயத்தில் பயன்படாது. இடைப்பட்ட நாளில் வளர்ந்தது எல்லாம் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

இலக்கு என்ன? சமதளத்தில் நாய் அசையாமல் நேராக நிற்கும்போது நகநுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாளைச் செருக முடிய வேண்டும். நடக்கும்போது டைல்ஸில் டக் டக்கென்று கேட்டால் இன்னும் நீளம். நீளமான நகம் தரையில் ஊன்றி விரலைப் பின்னுக்கு மேலே தள்ளும். விரல்கள் விரிந்துகொள்ளும், நாய் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றி நிற்கும். வழுவழுப்பான தரையில் வயதான நாய் வழுக்கி விழுவதற்கு நகம் ஒரு பெரிய காரணம்.

காலைத் தொடவே விடமாட்டேன் என்கிறது

இதில் இரண்டு வகை. முதல் வகைக்குப் பிடிக்கும் முறையை மாற்றினாலே போதும்.

பெரும்பாலோர் நாயின் காலைப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். நாயின் முன்னங்கால் முன்னும் பின்னும் நன்றாக மடங்கும். பக்கவாட்டில் நம் கை போல விரியாது. தோள் வலிக்கும், மூட்டு தேய்ந்த கிழ நாய்க்கு இன்னும் அதிகம். குதிரைக்கு லாடம் கட்டுபவர் காலைப் பின்னால் மடக்கி, பாதத்தை வானம் பார்க்க வைத்துப் பிடிப்பார். பெரிய நாய்க்கு அதே பிடிதான் சிறந்தது. நகத்தின் அடிப்பக்கம் உங்களுக்குத் தெரியும், வெட்டி வருவது நாய்க்குத் தெரியாது. தூக்கும் உயரமும் குறைவாக இருக்கட்டும். சின்ன நாயை நிற்கவைத்துக் காலை உங்கள் முகம்வரை கொண்டுவராமல், நீங்கள் குனியுங்கள்.

விரலைப் பிடிப்பதும் அப்படித்தான். பெருவிரல் பாத மெத்தையின் அடியில், ஆள்காட்டி விரல் நகத்துக்கு மேல் உள்ள தோலில். லேசாக அழுத்தினால் நகம் வெளியே நீளும். பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறவர்கள் எல்லா விரல்களையும் சேர்த்து நசுக்குகிறார்கள். நாய் உதறுவது அந்த நசுக்கலைத்தான், நகவெட்டியை அல்ல. தரையில் பாயோ ரப்பர் மேட்டோ விரியுங்கள். கிரானைட்டில் மூன்று காலில் நிற்கும் நாய்க்கு வழுக்கும் பயமே பாதி.

இரண்டாவது வகை, முன்பு ஒரு முறை வலித்ததை மறக்காத நாய். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்து இன்றைக்கு 18 நகத்தையும் முடித்துவிடலாம். அடுத்த முறை எட்டுப் பேர் வேண்டியிருக்கும். பழக்க வேண்டியது இப்படி:

தோளைத் தொட்டு ஒரு துண்டு தீனி. பிறகு முழங்கை, மணிக்கட்டு, பாதம், ஒவ்வொரு விரல். ஒரு நிலையில் நாய் காலை இழுக்காமல், தீனி எங்கே என்று உங்கள் முகத்தைப் பார்க்கும்போதுதான் அடுத்த நிலை. பிறகு நகவெட்டியைத் தரையில் வைத்து அது முகர்ந்ததும் தீனி. பிறகு வெட்டியால் நகத்தைத் தொட்டு எடுத்ததும் தீனி. அடுத்தது சத்தம்: துடைப்பத்து ஈர்க்குச்சியை நாயின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து நகவெட்டியால் வெட்டுங்கள். நகம் வெட்டும் ‘டக்’ அதேபோல் கேட்கும். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மூன்று நாள், நாளுக்கு 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வரிசை முக்கியம். தொடுவது முதலில், தீனி பிறகு. தீனியைக் காட்டி வரவழைத்துக் காலைப் பிடித்தால், சில நாளில் தீனி டப்பாவைத் திறந்தாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

தீனி என்றால் தினமும் போடும் பிஸ்கட் அல்ல. உப்பு, காரம், வெங்காயம் சேராமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவு துண்டாக்கி வையுங்கள். அவித்த முட்டையும் சரி. கட்டித் தயிரை எவர்சில்வர் தட்டில் தடவிக் கொடுத்தால் நக்கி முடிப்பதற்குள் இரண்டு நகம் ஆகிவிடும். திராட்சையும் உலர் திராட்சையும் நாய்க்கு ஆகாது. பீநட் பட்டர் கொடுப்பவர்கள் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் சேராததா என்று லேபிளைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஒரே ஒரு நகம். ஒன்றை வெட்டி, தீனி கொடுத்து, வெட்டியை உள்ளே வைத்துவிடுங்கள், நாய் இன்னும் சம்மதமாக இருந்தாலும்கூட. முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, ஆக 18 நகம். நாளுக்கு ஒன்று என்றாலும் 18 நாளில் ஒரு சுற்று வந்துவிடும். நகமும் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறைதானே வெட்ட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் முடித்தே ஆக வேண்டும் என்பது நாமாக வைத்துக்கொண்ட விதி. இந்தக் கட்டுரையில் வரும் சிக்கல்களில் பாதி அந்த விதியால் வருபவை.

உறுமுகிறது, கடிக்க வருகிறது

உறுமலுக்கு முன்பே அறிகுறி வந்திருக்கும்: உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலைபோல் உறைந்துவிடுவது. உறைந்த நாயை ‘அடங்கிவிட்டது’ என்று நினைப்பதுதான் கடி வாங்கும் இடம். உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடித்தால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

முகக்கூடு தேவைப்பட்டால் கூடை வகை வாங்குங்கள். வாயைத் திறந்து மூச்சிரைக்க முடிய வேண்டும். தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். துணியால் வாயைக் கட்டினால் நாயால் மூச்சிரைக்க முடியாது, நம் வெயிலில் உடல் சூடு ஏறிவிடும். பக், ஷிட்சூ மாதிரித் தட்டை மூக்கு நாய்க்குத் துணிக்கட்டு போடவே கூடாது. கழுத்தையும் நெஞ்சையும் அமுக்கிப் பிடிப்பதும் கூடாது. நாக்கு நீலமாகத் தெரிந்தால் அந்த நொடியே விட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுக்க வையுங்கள். சீக்கிரம் தெளியவில்லை என்றால் மருத்துவமனை.

முகக்கூடு போட்டும் துள்ளினால் வீட்டு வேலை அங்கே முடிந்தது. பதற்றம் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் நாயின் எடை பார்த்து எழுதித் தருவார். தாத்தாவின் தூக்க மாத்திரையில் பாதி என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

பல் பட்டுவிட்டால், வீட்டு நாயாக இருந்தாலும், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் விஷயத்தில் ‘நம்ம நாய்தானே’ என்பதற்கு இடமில்லை.

நகம் பிளக்கிறது, சிம்பு சிம்பாக வருகிறது

அநேகமாக நகவெட்டி மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தி வெட்டுவதற்கு முன் நசுக்கும். நசுங்கும்போது உள்சதை அழுந்துவதால் ரத்தம் வராவிட்டாலும் நாய் கத்தும். ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். வெட்டாமல் தாளை மடக்கி இழுத்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

ஓட்டைக்குள் நகத்தை நுழைத்து அழுத்தும் கில்லட்டின் வகை சின்ன நாய்க்குச் சரி. அதன் கத்தி சீக்கிரம் மழுங்கும். லாப்ரடார், ராட்வைலர், சிப்பிப்பாறை, வளர்ந்த நாட்டு நாய்க்குக் கத்திரி வகைதான் வேண்டும், அதிலும் பெரிய அளவு. சின்ன வெட்டியால் தடித்த நகத்தை இரண்டு மூன்று முறை கடித்துக் கடித்து எடுப்பது நிச்சயம் பிளக்கும். வெட்டியில் வரும் தடுப்புத் தகடு உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். உள்சதை எங்கே இருக்கிறது என்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது. குட்டிக்கு மனிதர் நகவெட்டி போதும், 3 மாதம் வரை. அதற்கு மேல் அது உருண்ட நகத்தைத் தட்டையாக நசுக்கும்.

கத்தி கூர்மையாக இருந்தும் பிளந்தால் நகம் காய்ந்திருக்கிறது. குளிப்பாட்டியபின் வெட்டுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் பாதத்தை வைத்திருந்துவிட்டு வெட்டுங்கள். சிம்பை அரத்தால் ஒரே திசையில் தேய்த்து எடுத்துவிடுங்கள். விட்டால் சோஃபாத் துணியிலும் கொசுவலையிலும் மாட்டி நகம் பிய்யும்.

தேய்க்கும் மிஷினை வைத்ததும் காலை இழுக்கிறது

சூடு. ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் நகம் சுடும். ஒரு நகத்தில் 2 அல்லது 3 விநாடி, எடுத்துவிட்டு அடுத்த நகம், சுற்றி வந்து மறுபடி முதல் நகம். குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். மிஷினில் சுழலும் உருளையின் உப்புத்தாள் 80 முதல் 100 நம்பர் வரை இருக்கட்டும். தேய்ந்த உப்புத்தாள் வெட்டாது, சூடாக்க மட்டும் செய்யும். நகத்தின் அதிர்வு எலும்புவரை போகும். விரலை ஒட்டிப் பிடித்தால் குறையும்.

ஸ்பிட்ஸ், ஷிட்சூ போன்றவற்றின் விரலிடை முடி உருளையில் சுற்றிக்கொள்ளும். பழைய மெல்லிய சாக்ஸைப் பாதத்தில் மாட்டி, நகங்கள் மட்டும் துணியைத் துளைத்து வெளியே வரும்படி இழுத்துவிட்டால் முடி உள்ளே நிற்கும். உங்கள் பின்னலையும் துப்பட்டாவையும் முடிந்துகொள்ளுங்கள். நகத்தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் போடுவது நல்லது.

மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் வளைந்து சதையைத் தொடுகிறது

முன்னங்காலின் உட்பக்கம், தரையைத் தொடாமல் இருக்கும் நகம் இது. தேய வழியே இல்லாததால் வட்டமாக வளைந்து திரும்ப வரும். ஷிட்சூ மாதிரி முடி மூடிய காலில் கண்ணுக்கே தெரியாது. தடவித்தான் பார்க்க வேண்டும். சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் இருக்கும்.

தோலைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், வளைவின் நடுவில் வெட்டாமல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தோலைத் துளைத்து உள்ளே போயிருந்தால் வீட்டில் இழுக்காதீர்கள். வெட்டி எடுத்ததும் ஓட்டை விழும், சீழ் இருக்கும், வலி தாங்காது. அதை மூடிவைக்காமல் விட்டால் ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். மருத்துவர் எடுத்து, கழுவி, மருந்து எழுதட்டும்.

நகம் உடைந்து தொங்குகிறது

பிய்த்து எடுக்கும் ஆசை வரும். அடிவரை பிளந்த நகத்தில் நரம்பு திறந்துகிடக்கிறது. மிகச் சாதுவான நாயும் கடிக்கும். சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி, காஸ் துணியை இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றி, மேலே சாக்ஸ் மாட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பாலித்தீன் பையைச் சுற்றி வைத்தால் வியர்த்து ஊறும். நனையாமல் இருக்க வெளியே போகும்போது மட்டும் போட்டு உடனே கழற்றுங்கள்.

வெட்டிய பிறகு நொண்டுகிறது

உள்சதை பட்டிருந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நொண்டும். அதற்கு மேல் போனாலோ, நகத்தின் அடி வீங்கிச் சிவந்தாலோ, நாற்றம் வந்தாலோ கிருமி ஏறியிருக்கிறது. ரத்தமே வராமல் நொண்டினால் விரலிடுக்கைப் பாருங்கள். நகம் பார்க்கக் காலைத் தூக்கும்போதுதான் பல வீடுகளில் விரல்களுக்கு நடுவே உப்பிக் கிடக்கும் உண்ணி முதன்முதலில் கண்ணில் படுகிறது.

வெட்டுவதற்கு முன்பே நகம் சரியில்லை

சில தோற்றங்களுக்கு நகவெட்டி மருந்தல்ல.

நகத்தின் நுனி தேயாமல் மேற்பக்கம் தேய்ந்திருந்தால், நாய் பாதத்தை இழுத்து நடக்கிறது. தண்டுவடக் கோளாறாக இருக்கலாம். தெருவில் நடக்கும்போது கர் கர்ரென்று உரசும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

நகத்தின் அடி துருப்பிடித்ததுபோல் பழுப்பாகி, நாய் பாதத்தை ஓயாமல் நக்கினால் பெரும்பாலும் ஒவ்வாமையும் அதன்மேல் ஏறிய ஈஸ்ட் தொற்றும். மழைக்காலத்தில் கூடும். பாதத்தைக் கழுவினால் மட்டும் போதாது, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

அடிபடாமலே நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வெவ்வேறு கால்களில் கழன்றால் உடலின் எதிர்ப்பாற்றலே நகத்தடியைத் தாக்கும் நோயாக இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டில் இதை அதிகம் பார்க்கலாம். ஒரே ஒரு விரல் மட்டும் மாதக்கணக்கில் வீங்கி, நகம் கோணலாக வளர்ந்து, மாத்திரைக்கு அடங்கி மறுபடி வீங்கினால், வயதான நாயில், அதுவும் கறுப்பு நிறப் பெரிய நாயில், கட்டி இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெட்டிய சில நாளிலேயே மறுபடி டக் டக்

வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு நகம் தேய இடமில்லை. தார் ரோட்டிலும் சிமென்ட் நடைபாதையிலும் தினமும் அரைமணி நேரம் நடக்கும் நாய்க்குப் பின்னங்கால் நகம் தானாகவே சரியாகும். அபார்ட்மென்ட் நாய்க்கு ஒரு பலகை செய்துவிடலாம். ஓர் அடி அகலம், இரண்டடி நீளப் பலகையில் 80 நம்பர் உப்புத்தாளை ஃபெவிகால் தடவி ஒட்டி, ஓரங்களை மடக்குங்கள். ஆணி அடித்தால் வெளியே நீட்டக் கூடாது. பலகையைச் சாய்த்துப் பிடித்து, அதற்குப் பின்னால் தீனியை வைத்து, நாய் முன்னங்காலால் பிறாண்டினால் உடனே கொடுங்கள். நாளுக்கு ஒரு காலுக்கு 10 இழுப்பு போதும். வாரம் ஒரு முறை நகத்தின் முகத்தைப் பாருங்கள். ஆர்வமுள்ள நாய் உள்சதைவரை தேய்த்துவிடும், பாத மெத்தையும் உராயும். நடு விரல்கள் இரண்டும் முதலில் தேயும். ஓர விரல்களைப் பலகை சரியாகத் தொடாது, கட்டைவிரல் நகத்தைத் தொடவே தொடாது, அவற்றைக் கையால்தான் வெட்ட வேண்டும்.